பல் மருத்துவம்: போவதா, காத்திருப்பதா, கடல் கடப்பதா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை போவதற்குள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் என் வீட்டுப் படலையை யாராவது தட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தாயும் மகளும். சில வேளை சம்மாந்துறையிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ வாப்பாவும் மகனும். பொலித்தீன் உறைக்குள் மடிக்காமல் வைத்த பெறுபேற்றுத் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "மருத்துவத்துக்குக் கொஞ்சம் போதாமல் இருக்கிறது, டொக்டர். பல்லுக்குப் போடலாமா?"

நான் பல் வைத்தியர். பேராதனையில் படித்தேன். இப்போது அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் மருத்துவம் மயிரிழையில்தான் தவறியது. ஆகவே அந்தக் கேள்வியில் இருக்கும் சோர்வு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் கேள்வியைக் கேட்கும் விதம் பிழை என்று நினைக்கிறேன். 'மருத்துவம் இல்லாவிட்டால் பல்' என்று ஒரு படி இறங்குவதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளை, பட்டம் பெற்ற பிறகும் அந்தப் படியிலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். என்னுடன் படித்தவர்களில் அப்படிச் சிலர் இருந்தார்கள். திறமைக்குக் குறைவே இல்லை. வேலையில் மட்டும் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை.

போன வருடம் ஆரையம்பதியிலிருந்து ஒரு பிள்ளை தாயுடன் வந்தாள். இரண்டாம் முறை எழுதியவள். அவள் முன்னால் பல வழிகள் இருந்தன: கிடைத்தால் பேராதனையிலோ ஸ்ரீ ஜயவர்தனபுரவிலோ பல் மருத்துவம், மூன்றாம் முறை எழுதி மருத்துவத்துக்கு முயற்சி, காணியை விற்று இந்தியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ போவது, அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் வேறு படிப்பு. நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இதே பேச்சுத்தான் ஓடுகிறது. அன்று அவளுடன் பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசல் எப்படித் திறக்கிறது என்று பார்ப்போம். இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்க உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். மருத்துவத்துக்கும் இதே மூன்றுதான். தெரிவு முழுக்க முழுக்க இசட் புள்ளியில் நடக்கிறது. 2001இலிருந்து இருக்கும் முறை இது: ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்து, மூன்று பாடங்களுக்கும் வந்த பெறுமானங்களின் சராசரியை எடுப்பார்கள். இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், மீதி 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் மட்டக்களப்பும் உண்டு, அம்பாறையும் உண்டு. மாவட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் படித்த பாடசாலை. நல்ல ரியூசன் என்று கேள்விப்பட்டு உயர்தரத்துக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற நினைக்கும் பெற்றோர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மருத்துவ பீடங்கள் இன்று நாட்டில் பத்துக்கு மேல் உண்டு; வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கே ஒன்று இருக்கிறது. அரச பல் மருத்துவ பீடங்களோ இரண்டுதான். பழையது பேராதனை. 1943இல் கொழும்பில் மருத்துவ பீடத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கிய படிப்பு, 1954இல் பேராதனைக்குப் போய், 1986இல் தனிப் பீடமாயிற்று. ஸ்ரீ ஜயவர்தனபுர அண்மையில் வந்தது. இடங்கள் குறைவு என்பதால் பல் மருத்துவத்தின் வெட்டுப்புள்ளி மருத்துவத்தின் காலடியிலேயே நிற்கும். மருத்துவத்துக்குப் போதாத பிள்ளைக்கு இது தானாகக் கிடைத்துவிடும் என்று ஒருவரும் நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது விண்ணப்பத்தில் வரிசை. பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் யூனிகோட் என்ற ஒரு குறியீடு உண்டு. நீங்கள் எழுதும் வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதலாவது இடத்தைத் தருவார்கள். மருத்துவத்துக்குக் கீழே பல் மருத்துவத்தைப் போடுவதால் மருத்துவ வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. இதைத் தெரியாமல் 'பல்லை எழுதினால் பல்லையே தந்துவிடுவார்கள்' என்று பயந்து விட்டுவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிய வரிசையை அப்படியே பார்த்து எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைத் தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தரமாவது வாசிக்க வேண்டும். ஏற்கெனவே ஓரிடத்தில் பதிவு செய்தவர் மீண்டும் விண்ணப்பிப்பதற்கான விதிகளும் அதில் இருக்கின்றன. பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்க முன்னர் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

இது வரைக்கும் கணக்கு. இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்திருப்பார், பெரும்பாலும் ஒரு பட்டமும் முடித்திருப்பார். அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நேர்முகம் உண்டு. பல் வைத்தியர் ஒருவரின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்த மணித்தியாலங்களைக் கணக்குக் காட்டச் சொல்கிற கல்லூரிகளும் பல. பிரித்தானியாவிலும் நுழைவுத் தேர்வும் நேர்முகமும் இருக்கின்றன. கனடாவின் நுழைவுத் தேர்வில் சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் செதுக்கும் பகுதி நெடுங்காலம் இருந்தது. 'இந்த வேலை என்னவென்று உனக்குத் தெரியுமா? உன் கை அதற்கு வருமா?' என்று அந்த நாடுகள் எல்லாம் விண்ணப்பதாரரை ஏதோ ஒரு விதத்தில் கேட்கின்றன.

நம் நாட்டில் அதை ஒருவரும் கேட்பதில்லை. இசட் புள்ளி வந்தால் கடிதம் வரும். இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: படுவான்கரையில் ஓலைக் கூரையின் கீழ் படித்த பிள்ளைக்குப் பரிந்துரைக் கடிதம் தர ஆள் தேடும் அவசியம் இல்லை. அந்த நேர்மையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் யாரும் கேட்காத அந்தக் கேள்வியைப் பிள்ளை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன் ஒரு நாளாவது பற்சிகிச்சை அறையில் இருந்து பாருங்கள். தெரிந்த பல் வைத்தியர் ஒருவரிடம் அனுமதி கேளுங்கள், வருகிற நோயாளியிடமும் கேளுங்கள். மூலையில் ஒரு ஸ்டூலில் பேசாமல் இருங்கள். அந்த ஒரு நாள் சொல்வதை ஒரு கையேடும் சொல்லாது.

என்ன பார்ப்பீர்கள்? ஒருவருடைய வாய்க்கும் இன்னொருவருடைய கண்ணுக்கும் இடையில் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணுக்குள் எச்சில், இரத்தம், சீழ், பயம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியம் வரை அதே ஒரு சாண். மேல் கடைவாய்ப் பல்லை நேரே பார்க்க முடியாது. இடது கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு வலது கையால் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் முன்பக்கம் பின்பக்கமாகத் தெரியும். கையை முன்னே கொண்டுபோனால் கருவி பின்னே போவதுபோல் இருக்கும். மூளை இதற்குப் பழகுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நோயாளியைத் தொடுவதற்கு முன் பொம்மைத் தலையில் பயிற்சி. அதற்கும் முன் மெழுகு. ஒரு மெழுகுத் துண்டும் கத்தியும் தந்து கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முகட்டுக்கும் ஒவ்வொரு சரிவு, இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்கு ஒரு திசை. மில்லிமீற்றரில் பாதி கூடினால் மேல் பல்லோடு பொருந்தாது. நான் செதுக்கிய முதலாவது பல்லைப் பார்த்த விரிவுரையாளர் ஒன்றும் சொல்லாமல் புதிய மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். மூன்றாவதும் அப்படியே. ஏழாவதையோ எட்டாவதையோ பார்த்துத்தான் தலையசைத்தார்.

ஆகவே கை வராதே என்று பயந்து வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: கை பெரும்பாலும் பழக்கத்தில் வரும். தையல், கோலம், படம் வரைதல், மீன் வலை பின்னுதல் எதுவாக இருந்தாலும் நுணுக்கமான வேலையில் இரண்டு மணித்தியாலம் எழும்பாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒரு சவர்க்காரக் கட்டியும் சின்னக் கத்தியும் எடுத்து, கண்ணாடியில் உங்கள் கடைவாய்ப் பல்லைப் பார்த்து அதைப் போலவே செதுக்கிப் பாருங்கள். எப்படி வந்தது என்பது அவ்வளவு முக்கியமல்ல. பிழைத்ததும் இன்னொரு கட்டியைத் தேடினீர்களா, கத்தியை வைத்துவிட்டுப் போனீர்களா என்பதில்தான் விடை இருக்கிறது. கை பழகிவிடும். ஒரு சாண் தூரத்தில் இன்னொரு மனிதனின் வாயோடு வாழ்நாளைக் கழிக்க மனம் ஒப்புமா என்பது பழக்கத்தில் வருவதில்லை என்றே என் அனுபவம் சொல்கிறது.

இந்த வேலைக்கு நம் மாவட்டங்களில் என்ன அர்த்தம் என்பதையும் அந்த ஒரு நாளில் பார்த்துவிடலாம். வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு வயல்காரர் வந்தார். பல்வலி என்று சீட்டில் எழுதியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். "இவ்வளவுதான், மகள், திறக்கும்" என்றார். சாதாரணமாக ஒருவர் தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வைக்கலாம். அவருடைய வாயில் ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டால் காய்ந்த தோல்போல் விறைத்து, வெளுத்துக் கிடந்தது. முப்பது வருட வெற்றிலை பாக்கு. காரம் பட்டால் எரிகிறது என்று இரண்டு வருடமாகக் கறியை விட்டு வெறும் பாலும் சோறும் சாப்பிட்டிருக்கிறார், ஒருவரிடமும் சொல்லவில்லை. வாயின் உட்சவ்வுக்குக் கீழே நார்த்தன்மை கூடிப் போகும் நோய் இது. புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்துவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெற்றிலைத் தட்டம் நீட்டுகிற ஊர் நம் ஊர். வெள்ளைத் திட்டையும் சிவப்புத் திட்டையும் புண்ணாக மாறுவதற்கு முன் கண்டுபிடிப்பவர் யார்? அந்த வாயை வருடத்துக்கு ஒரு தரமாவது வெளிச்சம் பிடித்துப் பார்க்கும் பல் வைத்தியர்தான். பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும்தான் எங்கள் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒருவரைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி வழிகளை ஒப்பிடுவோம்.

மூன்றாம் முறை எழுதுவதா? மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இதுதான்: தெரிவு அந்தந்த வருடப் பெறுபேற்றில்தான் நடக்கிறது. இந்த வருடம் கிடைத்த பல் மருத்துவ இடத்தைக் கைவிட்டு அடுத்த வருடம் புள்ளி குறைந்துவிட்டால், பழையதைக் காட்டி அந்த இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. இசட் புள்ளி மற்றவர்களோடு ஒப்பிட்டு வருவது. 'இன்னும் எட்டுப் புள்ளி எடுத்தால் போதும்' என்று வீட்டில் போடும் கணக்கு அதனால் சரிவருவதில்லை. வினாத்தாள் எல்லோருக்கும் இலகுவானால் உங்கள் எட்டுப் புள்ளியின் பெறுமதி கரைந்துவிடும்.

என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாடம் கீழே இழுத்தது? இரண்டு பாடத்தில் நல்ல ஏ இருந்து, ஒரு பாடத்தில் மட்டும் காய்ச்சலாலோ வீட்டுத் துக்கத்தாலோ சறுக்கியிருந்தால், இன்னொரு முறை எழுதுவதில் நியாயம் உண்டு. மூன்று பாடமும் ஒரே மட்டத்தில் இருந்து, இரண்டு முறையும் ஏறக்குறைய அதே புள்ளி வந்திருந்தால், அதுதான் உங்கள் உழைப்பின் அளவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அந்தப் புள்ளிக்கே எழுதுபவர்களில் ஒரு சிறு பகுதியினர்தான் வருகிறார்கள். இன்னொரு வருடத்தை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் வைத்தியசாலை வார்டும் காய்ச்சலும் பிரசவமும் இருதயமும்தான் மனதில் இருக்கிறது, வாய்க்குள் பார்க்கவே மனமில்லை என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், மூன்றாம் முறையே சரி. பல் மருத்துவத்தில் அந்தப் பிள்ளையை உட்காரவைப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல, வருகிற நோயாளிக்கும் நல்லதல்ல.

வீட்டோடு இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மருத்துவம் பயில்வதற்கும், பேராதனைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் தூரம் மட்டுமல்ல. கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி, மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியக் கண்டியில் இறங்குவது இரண்டாம் வருடத்தில் பழகிவிடும். மொழிதான் பெரிய விடயம். விரிவுரை ஆங்கிலத்தில், அதற்கு எல்லோருமே திணறுவார்கள், சேர்ந்து திணறுவதால் தாண்டிவிடலாம். நோயாளியிடம் பேச வேண்டியது சிங்களத்தில். 'கட அரின்ன' என்றால் வாயைத் திறவுங்கள். இதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். மரத்துப்போய்விட்டதா என்று கேட்க மட்டும் எனக்குத் தெரியாது. ஊசி போட்ட ஒரு பாட்டியிடம் எனக்குத் தெரிந்த நான்கு சொல்லில் 'சரியா, சரியா' என்று கேட்டேன். அவர் என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பல்லை அசைத்தபோது துடித்துப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை இன்றும் என் கை மறக்கவில்லை. பிழை என்னுடையது. கடிதம் வந்த நாளுக்கும் பீடம் தொடங்கும் நாளுக்கும் நடுவில் கிடைக்கும் மாதங்களில் சிங்களம் படியுங்கள் என்று அதனால்தான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

வெளிநாடு. இதைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை, இலங்கை மருத்துவ சபையைப் பற்றிப் பேசுகிறேன். நாட்டில் பல் வைத்தியராகப் பதிவு தருவது அந்தச் சபைதான். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை அது ஏற்கிறது, உங்கள் உயர்தரப் பெறுபேறு போதுமா என்ற இரண்டையும் சபையிடமே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு ரூபாயாவது கட்ட வேண்டும். திரும்பி வந்த பிறகு சபை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பதிவு. முகவர்கள் இதைச் சின்ன எழுத்தில் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். எங்கள் உறவுக்குள்ளேயே ஒரு முகவரை நம்பி முதல் வருடப் பணத்தைக் கட்டி, பிறகுதான் அந்தக் கல்லூரியின் நிலை தெரிந்து பிள்ளையைத் திருப்பி அழைத்தார்கள். வயல் போனது போனதுதான்.

சரியான கல்லூரி என்றால் இந்தியாவும் வங்காளதேசமும் ஒன்றுபோல் அல்ல. இந்தியாவில் நான்கு வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். நீட் தேர்வை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் படித்தால் நோயாளியுடன் தமிழில் பேசலாம். பல் மருத்துவத்தில் இது சின்ன வசதி அல்ல. நாம் 'சூத்தைப் பல்' என்பதை அவர்கள் 'சொத்தைப் பல்' என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வங்காளதேச அரச கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு, அதனால் கட்டணச் சுமை குறையலாம். ஆனால் அங்கே நோயாளி பேசுவது வங்காளம். எந்த நாடானாலும் கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, கட்டடம் எத்தனை மாடி என்பதல்ல. ஒரு மாணவருக்கு இறுதி வருடத்துக்குள் எத்தனை நோயாளி கிடைக்கிறார்கள், எத்தனை பல்லைத் தானே பிடுங்கி, தானே அடைக்கிறார் என்று அங்கே படிக்கும் நம் பிள்ளை ஒருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நோயாளி வராத பல் மருத்துவக் கல்லூரியில் படிப்பது குளம் இல்லாத ஊரில் நீச்சல் கற்பதுபோல. பேராதனைக்கு இந்த விடயத்தில் குறையில்லை. ஜப்பானிய உதவியில் கட்டிய பெரிய போதனா பல் வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலையிலேயே மலையக லயங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

அரச இடம் கைக்கெட்டியிருக்கும்போது அதை விட்டு வெளிநாடு போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அரச இடம் கிடைக்காது என்று உறுதியானால், பணம் கடனில்லாமல் இருந்தால், தமிழ்நாட்டின் ஏற்கப்பட்ட கல்லூரி ஒன்றுதான் என் தெரிவு. கடன் வாங்கிப் போவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பரீட்சை, பதிவு, வேலை என்று எல்லாம் முடிந்து முதல் சம்பளம் வருவதற்குள் வட்டி முதலைத் தாண்டிவிடும்.

வீட்டுக்குப் பக்கத்துப் படிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம், வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் உயிரியல் விஞ்ஞானம். எல்லாமே நல்ல படிப்புகள், ஆனால் பல் மருத்துவத்துக்கு அவை மாற்று அல்ல. அவற்றை விரும்பினால் அவற்றுக்காகவே போக வேண்டும். ஒன்றை மட்டும் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை: பாடசாலைப் பற்சிகிச்சையாளர். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அழைத்து, மகரகமையில் பயிற்சி கொடுக்கும். பாடசாலை வளவில் இருக்கும் சின்னச் சிகிச்சை அறையில் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பவர்கள் இவர்கள். ஆறு வயதில் பின்னால் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பாற்பல் என்று நினைத்து, 'விழுந்து முளைக்கும்தானே' என்று விட்டுவிடும் தாய்மார் நம் ஊரில் ஏராளம். அது விழுந்தால் முளைக்காது. அந்தப் பல்லைச் சரியான நேரத்தில் காப்பாற்றுபவர் என்னைப் போன்ற வைத்தியர் அல்ல, பாடசாலையிலேயே இருக்கும் அவர்தான். வாய்க்குள் வேலை செய்ய மனம் இருக்கிறது, புள்ளிதான் போதவில்லை என்ற பிள்ளைக்கு இது கௌரவமான வழி. வர்த்தமானியைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

பட்டம் முடிந்த பிறகு என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. அரச நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டி வந்த ஆண்டுகள் உண்டு. நியமனம் வந்தாலும் சொந்த ஊரில் வரும் என்று சொல்ல முடியாது. தனியாகத் தொடங்க பற்சிகிச்சை நாற்காலி, காற்றழுத்தி, கருவி கிருமியழிக்கும் இயந்திரம் என்று மூலதனம் தேவை. ஒரு பொது மருத்துவர் மேசையும் நாற்காலியும் போட்டுத் தொடங்கிவிடலாம், எங்களால் முடியாது. கழுத்தும் முதுகும் நாற்பது வயதுக்குள் வலிக்கத் தொடங்கும். மறுபக்கம், இரவுக் கடமையின் சுமை மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் எங்களில் பெரும்பாலோருக்கு இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு தாயாக இதை நான் நன்றியோடு சொல்கிறேன். மேற்படிப்புக்குக் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இருக்கிறது: முகத்தாடைச் சத்திரசிகிச்சை, பல் வரிசைச் சீரமைப்பு, சமூகப் பல் மருத்துவம் என்று கிளைகள். நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இந்த நிபுணர்கள் இன்னும் வேண்டும்.

ஆரையம்பதிப் பிள்ளை இரண்டு நாள் என் அறையில் இருந்தாள். முதல் நாள் மதியம் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் வெல்லாவெளிக்காரர் மறுபடி வந்தார். ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, கிழமைக்கு ஒன்றாகக் கூட்டி வாயைத் திறக்கும் பயிற்சியை அவருக்குக் கொடுத்திருந்தேன். அவர் போன பிறகு அவள், "அக்கா, எத்தனை குச்சி போனது?" என்று கேட்டாள். நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருந்தாள். பதினொன்று, போன முறை சீட்டில் ஒன்பது என்று எழுதியிருக்கிறது என்றாள்.

விண்ணப்பத்தில் மருத்துவத்தை மேலே எழுதி, அதற்கு அடுத்து இரண்டு பல் மருத்துவத்தையும் எழுதினாள். மூன்றாம் முறைக்கென்று கட்டவிருந்த ரியூசன் பணத்தைத் தாய் கட்டவில்லை. பேராதனை கிடைத்தது. இப்போது கல்லடியில் சிங்கள வகுப்புக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வந்து, வகுப்பில் சந்தைக்குப் போவதும் பஸ் டிக்கெட் கேட்பதும்தான் சொல்லித் தருகிறார்கள், சிகிச்சைக்குத் தேவையான சொற்களை நீங்கள் எழுதித் தாருங்கள் என்றாள். முதல் வரியில் 'ஹிரி வெட்டுணாத?' என்று எழுதி, பக்கத்தில் தமிழில் 'மரத்துவிட்டதா?' என்று எழுதிக் கொடுத்தேன்.